புதன்கிழமைத் தொண்டை

தள்ளுவண்டியின் இடது முன்சக்கரம் கீய்ங் என்றது, இரண்டடி போனதும் மறுபடி கீய்ங், எழிலரசன் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே வாயைத் திறக்காமல் அதை ஒருதடவை சொல்லிப் பார்த்தான், கீய்ங், அச்சு அசலாக வந்தது. மனசுக்குள் எதைக் கூப்பிட்டாலும் வருகிறது, சக்கரம், மின்விசிறி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, ஊசி போடுமுன் புஷ்பலதா சிஸ்டர் மூக்கால் சொல்லும் "ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது", எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன, தொண்டைக்கு ஏறும்போதுதான் வெறும் காற்றாகிப் போகின்றன. குரல்நாணில் உளுந்து அளவுக்கு ஒரு சதை. உளுந்துதான், சின்ன டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார், மயக்கம் கொடுத்து அரைமணி நேரத்தில் கிள்ளி எடுத்துவிடலாம் தம்பி, பெரிய வேலையே இல்லை. அரைமணி நேர உளுந்துக்கு இது நாலாவது புதன்கிழமை. இந்தக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாரத்தில் புதன் ஒருநாள்தான் ஆபரேஷன் தியேட்டர், மதியம் ஒரு மணிக்கு மேல் புதுக் கேஸ் எடுக்கமாட்டார்கள், ஆகவே வாரத்தில் மற்ற ஆறு நாளும் உலகத்தில் யாருக்கும் தொண்டையே கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் புதன் அவனுக்கு முன்னால் போன கேஸ் இழுத்துக்கொண்டது. இரண்டாவது புதன், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மூன்றாவது புதன் கருவிகளை வேகவைக்கும் இயந்திரம் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் செவ்வாய் சாயங்காலம் தலைமாட்டில் ஓர் அட்டையை மாட்டுவார்கள், "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது", சிவப்பு எழுத்து, முனை மடங்கியது, அதற்குப் பிறகு மறுநாள் அழைப்பு வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. ஆபரேஷன் உண்டா இல்லையா என்று டாக்டர்கள் வந்து சொல்வதெல்லாம் அபூர்வம், வார்டு வேலையாள் கலியபெருமாள் வந்து அட்டையைக் கழற்றினால் இல்லை என்று அர்த்தம், வார்டு முழுக்க அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

உதட்டை நாக்கால் தடவினான், நாக்கே காய்ந்த துணி மாதிரி இருந்தது. மணி எட்டரை. அம்மா கட்டிலுக்குக் கீழே இருந்த பையை நாலாவது தடவையாகத் திறந்து மூடினாள், அதற்குள் ஒரு சில்வர் தூக்கு, ஒரு டம்ளர், பிளாஸ்டிக் பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், எல்லாம் பிறகு கொடுப்பதற்கு. பிறகு என்பது என்றைக்கோ. "தூங்குடா, பசி தெரியாது," என்றாள். அவன் கோடுபோட்ட நோட்டை எடுத்து 'பசிக்குத் தெரியும்' என்று எழுதிக் காட்டினான், அம்மா படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். பேசவே கூடாது என்பது உத்தரவு, மூன்று மாதமாக நோட்டுதான் வாய், இது இரண்டாவது நோட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் குரலில் கதவுக்கு வெளியே நின்று "என்னப்பா அங்க சத்தம்" என்று கேட்டு ஒரு வகுப்பையே எழுந்து நிற்கவைத்தவன், கடைசியில் அந்த வாத்தியாரே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, டேய் நான் அப்படியா மூக்கை உறிஞ்சுறேன், எங்க இன்னொரு தடவை பண்ணு என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவன் இப்போது நோட்டில் எழுதிச் சிரிக்கவைக்க வேண்டியிருக்கிறது, எழுத்துக்கு மூக்கு உண்டா, உறிஞ்ச முடியுமா. சரி, வழக்கமான சோதனை, காலையில் கண் திறந்ததுமே செய்திருக்க வேண்டியது, பயத்தில் தள்ளிப்போட்டது. கண்ணை மூடினான். அப்பா. தண்ணீர் லாரியை வீட்டுக்கு வெளியே ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறார், கதவு டொம் என்று சாத்திக்கொள்கிறது, செருப்பு இரண்டு தடவை தரையில் தேய்கிறது, வாசலிலிருந்தே அம்மாவைக் கூப்பிடும் ஒரு குரல், அடிவயிற்றில் கிளம்பி, லாரி வயிற்றில் தண்ணீர் குலுங்குகிற மாதிரி குலுங்கி, "மேகலோவ்!" உள்ளேயிருந்து அம்மா, கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, "இந்தா வந்துட்டேன்." அவ்வளவுதான், பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த நேரத்துக்கு வேறு வசனமே கிடையாது. மேகலோவ். இன்னொரு தடவை. மேகலோவ். இன்றைக்கு அதில் ஏதோ உரசியது. நடுவில் ஒரு கரகரப்பு. அது அப்பாவுடையது இல்லை. அது கலியபெருமாளின் பீடிக் கரகரப்பு, எப்படி அங்கே போய் ஒட்டிக்கொண்டது, போன வாரம் இல்லை, போன வாரம் 'லோ' சுத்தமாக இருந்தது.

அப்பா போய் ஒரு வருஷம் இரண்டு மாசம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு என்று லாரிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் குரலை யாரும் பதிவுபண்ணி வைக்கவில்லை, தினமும் வாசலில் கேட்கிற சத்தத்தை எவன் பதிவு பண்ணுவான், போட்டோ இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, காக்கிச்சட்டை இரண்டு இருக்கிறது, குரல் மட்டும் எங்கேயும் இல்லை, இவன் தொண்டையில்தான் இருந்தது. காரியம் முடிந்து மூன்று மாசம் ஆன ஒரு மத்தியானம், என்ன கழுதைப் புத்தியோ, பிராங்க், சும்மா ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டான், செருப்பை இரண்டு தடவை தேய்த்துவிட்டு வாசலிலிருந்து கூப்பிட்டான், மேகலோவ். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. "இந்தா வந்துட்டேன்." அம்மா டம்ளரில் தண்ணீரோடு வேகமாக வந்தாள், நிலைப்படி வரைக்கும் வந்தாள், அங்கே இவன் நின்றிருந்தான். திட்டவில்லை. அடிக்கவில்லை. தண்ணீரை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, இவனும் பேசியதில்லை. அதற்கப்புறம் அவள் இருக்கும்போது அந்தக் குரலைத் தொடவில்லை. ஆனால் தனியாக, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தினமும். அது சின்ன வேலை இல்லை, அவன் தொண்டை இளசு, அப்பாவுடையது கிணறு, அவ்வளவு கீழே இறங்க நரம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும், இழுத்தான், எரியும், இன்னும் இழுத்தான், ஏழு மாசம் இழுத்து ஒருநாள் காலையில் எழுந்தால் குரலுக்குப் பதில் புஸ் என்று காற்று. சின்ன டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எதையோ ரொம்ப இழுத்துப் பேசியிருக்கே, என்ன அது, பாட்டா, என்று கேட்டார். நோட்டில் 'கிரிக்கெட்' என்று எழுதினான். அறுத்து எடுத்ததுக்கப்புறம் அந்த மாதிரி இழுக்கவே கூடாது, உன் சொந்தக் குரல் நல்லா வந்துடும் என்றார். சொந்தக் குரல். அது எது. அதில் அவன் சேர்ந்தாற்போல் அஞ்சு நிமிஷம் பேசியிருந்தால்தானே தெரியும்.

ஒன்பதே முக்காலுக்கு அந்தச் சின்ன டாக்டரம்மா பச்சை உடுப்போடு வார்டுக்குள் வந்தார், கழுத்துக் கட்டி கேஸ் மேசையில் ஏறிவிட்டது, அடுத்தது ஆரோக்கியசாமி, அதற்கடுத்தது எழிலரசன் என்றார், இன்றைக்கு மயக்க டாக்டர் ஒருத்தர்தான், இன்னொருத்தரைப் பிரசவ வார்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், பார்க்கலாம். அவன் நோட்டைத் தூக்கிக் காட்டினான், 'இன்னிக்கும் இல்லேன்னா?' அவர் களைத்த கண்ணோடு சிரித்தார். "உன்னோடது காத்திருக்கலாம் தம்பி. காத்திருந்தா ஒண்ணும் ஆகாது. காத்திருக்க முடியாதவங்க முதல்ல." நியாயம்தான், சொன்ன விதமும் நல்ல விதம்தான், 'தம்பி'யில் ஒரு சின்ன மேல்நோக்கிய வளைவு, மதுரைப் பக்கம் போல, மனசுக்குள் பிடித்து வைத்துக்கொண்டான், ஆனால் அந்த வாக்கியம் செருப்பில் ஏறிய முள் மாதிரி கூடவே வந்தது, காத்திருந்தா ஒண்ணும் ஆகாது, சதை வளராது, மூச்சு அடைக்காது, உயிர் போகாது, ஒண்ணும் ஆகாது, அந்த 'லோ' மட்டும் வாரத்துக்கு ஒரு நூல் கரைகிறது, அதற்கு எந்தக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள், எந்தச் சீட்டில் எழுதுவார்கள். தொண்டை இருந்தபோது தினமும் சொல்லிச் சொல்லி மனசில் இருந்ததைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான், இப்போது மனசு ஒன்றுதான், அதுவும் ஆஸ்பத்திரி மனசு, ஐம்பது குரல் ஏறி மிதிக்கிற இடம், அதில் ஒரே ஒரு சொல்லை எத்தனை புதன்கிழமைக்குப் பொத்திவைப்பது.

பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியசாமி எழுந்து உட்கார்ந்து வலது காதைப் பொத்திப் பொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர், ஐம்பது வயசிருக்கும், ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் எந்த பேரிங் போச்சு என்று சொல்லிவிடுவாராம், இப்போது அந்தக் காதில் எந்நேரமும் சீழ், சவ்வில் ஓட்டை. "தம்பி, என்ன சொல்லிட்டுப் போறாங்க, அடுத்தது நானா?" என்று கேட்டார். எழிலரசன் தலையாட்டினான். "இந்தத் தடவை கர்த்தர் விட்டாலும் நான் விடமாட்டேன். எச்சிகூட முழுங்கலை," என்றார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வேண்டாம் என்றாலும் வருகிறது அந்த இரண்டாவது புதன். உடைந்த தொண்டையில் வேறு எந்தக் குரலும் வராது, உடைந்த குரல் ஒன்றே ஒன்றுதான் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான், கலியபெருமாள்! பீடி குடித்துப் பாழான குரல், இவனுடைய பாழான குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மூன்று மாசம் பட்டினி கிடந்த குரங்குக்கு வாழைப்பழம் கிடைத்தால் உரிக்காமல் இருக்குமா. திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பதினொன்றரை மணி இருக்கும், "தியேட்டர் குளோஸுப்பா! அவங்கவங்க டிபனை வாங்கிக்கலாம்! அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது!" அந்த 'கேக்கக்'கில் ஒரு இருமல்கூடச் சேர்த்தான், அபாரமாக வந்தது, வார்டில் நாலைந்து பேர் நிமிர்ந்து, அட்டை அப்படியே தொங்குவதைப் பார்த்து, யார்ரா அது என்று சிரித்தார்கள். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. அவர் அப்போது வார்டுக்கு முதுகைக் காட்டி முகம் கழுவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே ஜன்னல் வழியாக டீக்காரரைக் கூப்பிட்டு ஒரு டீயும் பன்னும் வாங்கித் தின்றுவிட்டு வந்தார். இருபது நிமிஷத்தில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டீங்களா? ஆமாங்க, கேன்சல்னு சொன்னாங்க. யார் சொன்னது? வார்டுல வேலை செய்யிறவர். கலியபெருமாள் தான் சொல்லவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் பண்ணினார், பெரிய டாக்டர் கத்தினார், வயிற்றில் உணவோடு மயக்கம் கொடுத்தால் புரையேறி உயிரே போய்விடும், தள்ளு, அடுத்தவன் யாரு. அடுத்தவன் எழிலரசன். அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாள் கீழ்த்தளத்திலிருந்து மேலே வந்து சேரவில்லை. தியேட்டர் ஒன்றேகால் மணி நேரம் விளக்கெரிந்தபடி சும்மா கிடந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரம் அவன் போர்வைக்குள் கிடந்தான். சொல்லியிருக்கலாம். நோட்டு இருந்தது, பேனா இருந்தது, ஒரு வரி.

பன்னிரண்டரை. ஆரோக்கியசாமியின் பச்சைத் துணி வந்துவிட்டது, மாட்டிக்கொண்டு நாடா முடியத் தெரியாமல் முதுகைக் காட்டினார், எழிலரசன்தான் முடிந்துவிட்டான். தள்ளுவண்டி கீய்ங் என்று வந்து நின்றது. அப்போதுதான் நடைபாதையில் ஓட்டம். ஒரு ஆள், காலில் செருப்பில்லை, தோளில் இரண்டு வயசுக் குழந்தை, பின்னால் ஒரு பெண், வேர்க்கடலை சார், வேர்க்கடலை முழுங்கிருச்சு சார் என்று கத்திக்கொண்டே வந்தாள். அவர்கள் வாசலைக் கடந்த அந்த இரண்டு நொடியில் குழந்தையின் மூச்சு கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் விசில். மெல்லிய, ஓட்டை ஊதல் மாதிரி விசில். பழக்கம் இருக்கிறதே, அவன் மனசு உடனே அதைப் பிடிக்கப் போனது, பிடித்துச் சொல்லிப் பார்க்கப் போனது, அவன் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான், வாய் திறக்கவே இல்லை, இருந்தும் பொத்திக்கொண்டான், வேண்டாம், இந்த ஒன்றை நான் கற்றுக்கொள்ளமாட்டேன். தியேட்டர் கதவு ஆடி ஆடி நின்றது. ஒரே மயக்க டாக்டர். ஒரே மேசை. காத்திருக்க முடியாதவங்க முதல்ல. அவனுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்று அடிக்க ஐந்து, ஒன்று, ஒன்று பத்து. உள்ளே கடலை வந்ததா. மேகலோவ். உரசியது. மேகலோவ். இப்போது முதல் எழுத்தே கலியபெருமாள்.

ஒன்று இருபதுக்குக் கலியபெருமாளே வந்தார், நிஜக் கலியபெருமாள், காதில் செருகிய பீடியோடு. "புள்ளை பொழைச்சிருச்சுப்பா, கடலை வந்துருச்சு," என்றார், வார்டே உஸ் என்று மூச்சுவிட்டது. "தியேட்டர் குளோஸு. அவங்கவங்க டிபனை வாங்கிக்கலாம்." எழிலரசன் தலைமாட்டு அட்டையைக் கழற்றினார், ஆரோக்கியசாமியின் அட்டைக்குக் கையை நீட்டினார், அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "தொடாதே அதை. அன்னிக்கும் இதே வாயாலதான் இதையே சொன்னே. நான் தின்னேன், கூப்பிட்டாங்க. இன்னிக்கு மாட்டேன்." "யோவ், சத்தியமாய்யா!" "உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும்." பெரிய டாக்டர் குழந்தையோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார், எப்போது வருவாரோ தெரியாது. கலியபெருமாள் கையை உதறிவிட்டு, கிட அப்படியே, என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா அதற்குள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள், முகத்தில் ஏதோ ஒரு லேசு, மூன்று தடவையும் இப்படித்தான், அட்டை இறங்கியதும் அவள் முகத்தில் ஒரு முடிச்சு அவிழும், பிள்ளை சாப்பிடப் போகிறானே என்றுதான் அவன் நினைத்திருந்தான். டம்ளரை வாங்கினான், குளிர்ச்சி விரலில் ஏறியது, பக்கத்தில் பச்சைத் துணியோடு அந்த மனிதர் உதடு வெடித்து, அட்டைக்குக் காவலாக, தியேட்டர் கதவையே பார்த்தபடி. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நோட்டை எடுத்தான். பேனாவைத் திறந்தான். 'அன்னிக்கு' என்று எழுதினான், எழுத்து சாதுவாக, யாரோ எழுதிய மாதிரி நின்றது. நோட்டை மூடிவிட்டு டம்ளரோடு அவர் முன்னால் போய் நின்றான். தொண்டையைத் திறந்தான். "தியேட்டர் குளோஸுப்பா. அவங்கவங்க டிபனை வாங்கிக்கலாம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." அந்த இருமல் உட்பட.

வார்டுக் கோடியில் நிஜக் கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார். ஆரோக்கியசாமி இவனையே பார்த்தார், கலியபெருமாளைப் பார்த்தார், மறுபடி இவனை. "நீயா?" என்றார். அவன் தலையாட்டினான். "அடப் பாவி. ரெண்டு வாரமா அந்த ஆளு எதுக்க வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறேன்டா நான்." கை ஓங்கினார், ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நின்றது, இறங்கி அட்டையைத் தானே கழற்றிக் கட்டிலில் போட்டது. "என் காது சரியாகட்டும். அப்புறம் உன் காதுக்கு இருக்கு," என்றார், அவன் நீட்டிய டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார், குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே, "அந்த இருமல் எப்படிடா," என்றார். கலியபெருமாள் அங்கிருந்தே, நான் அப்படியா இருமுறேன் என்று கேட்டு, கேட்டதும் அப்படியே இருமினார், வார்டில் சிரிப்பு. எழிலரசனுக்குச் சிரிக்க முடியவில்லை. தொண்டை தீயாக எரிந்தது. திரும்பினால் அம்மா நின்றிருந்தாள், கையில் தண்ணீர் பாட்டில் திறந்தபடி. "பேசக் கூடாதுல்ல," என்றாள், அதட்டுகிற சொல், அதட்டல் இல்லை. அவனைக் கட்டிலில் உட்காரவைத்தாள். காலி டம்ளரை வாங்கித் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "எழிலு," என்றாள், டம்ளரைப் பார்த்தபடி. "அதை எடுத்துட்டா, அந்தக் குரலும் சேந்து போயிருமாடா?" எந்தக் குரல் என்று அவன் கேட்கவில்லை. "மாடியில நீ கூப்பிடுவியே. கீழே கேக்கும். குழாயை நிறுத்திட்டு நிப்பேன்." ஒவ்வொரு புதன்கிழமையும் அவிழ்ந்த அந்த முடிச்சு அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, தன் பிள்ளைக்கு ஆபரேஷன் தள்ளிப்போனதில் ஒரு வாரம் மிச்சம் என்று நினைத்துக்கொண்ட வெட்கம் அவள் கழுத்துவரை சிவந்திருந்தது. சொல்ல நினைத்தான், அம்மா, அது ஏற்கெனவே கரைகிறது, நான் தினமும் எண்ணிப் பார்க்கிறேன், நோட்டில் அதற்கு எழுத்து கிடையாது. வாயைத் திறந்தான். அடிவயிற்றிலிருந்து இழுக்கவில்லை, இழுக்கக் கூடாது. உதடு ஒட்டியது, மே. விரிந்தது, க. நாக்கு மேலே தொட்டது, உதடு குவிந்து கீழே இறங்கியது, லோவ். ஒரு சத்தமும் வரவில்லை, கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். அம்மா அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டிலைச் சாய்த்தாள், டம்ளர் நிறைந்தது, விளிம்பு வரைக்கும். "இந்தா," என்றாள், "வந்துட்டேன்."